தயாரான பின் தண்ணீர்

ஏரிப் படகுத்துறையில் அன்று நடந்தது மொத்தமே அரை நிமிடம்தான். ஈரப் பலகைமேல் ஓடிவந்த ஒன்பது வயது மகள் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தாள். தாய் பலகையின் விளிம்புவரை ஓடினாள். அங்கே நின்றுவிட்டாள். படகு வாடகைக்கு விடும் பெண் கையிலிருந்த துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்து, பிள்ளையைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தூக்கிவந்து பலகையில் கிடத்தினாள். பிள்ளை இருமியது, அழுதது, பத்து நிமிடம் கழித்து மறுபடி இறங்கட்டுமா என்று கேட்டது.

தாய்க்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

"தெரியாதவங்க எல்லாரும் நிக்கத்தான் செய்வாங்க. நீயும் குதிச்சிருந்தா அந்தப் பொண்ணு ரெண்டு பேரைத் தூக்கியிருக்கணும்," என்றார் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எந்தப் பேச்சையும் அடுத்த நிறுத்தத்துக்குள் முடித்துவிடுகிற மனிதர்.

"நான் நீச்சல் கத்துக்கப் போறேன்."

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வா, நானே கத்துத் தரேன்."

"நீங்களா? நீங்க நீந்துறது எருமை குட்டையைக் கலக்குற மாதிரி இருக்கும். கத்துக்கிட்டா முறையா கத்துக்கணும்."

"எந்த எருமையாவது முழுகிச் செத்து நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அவள் பல் செட் செய்யும் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வார்த்து, பல் அடுக்கி, அரத்தால் ராவி, பளபளவென்று ஆக்கித் தருவது அவள் தொழில். ஊரில் அவளைப்போல் செய்ய ஆள் இல்லை. அவளைப்போல் தாமதமாகத் தரவும் ஆள் இல்லை. முதலாளி வந்து "முடிஞ்சுதா?" என்று கேட்கும்போதெல்லாம் "இன்னுங்கொஞ்சம்" என்பாள். பட்டறையில் அதுவே அவள் பெயராகிப் போயிருந்தது. ஒரு பெரியவர் தன் மகன் கல்யாணத்தில் பொக்கை வாயோடு நின்று எல்லாப் படத்திலும் சிரித்தார். அவருடைய இருபத்தெட்டுப் பற்களும் அன்று அவள் மேசையில் ஒரே சீராக மின்னிக்கொண்டிருந்தன.

மகளிடம் அவள் கண்டிப்பாகச் சொன்னாள். "நான் கத்துக்கிற வரைக்கும் நீ தண்ணியில கால் வைக்கக் கூடாது."

"எத்தனை நாளும்மா?"

"ரெண்டே மாசம்."

அப்படித்தான் அவள் செம்மை நீச்சல் கழகத்தின் வாசலில் போய் நின்றாள்.

நல்ல கட்டடம். வெள்ளைச் சுண்ணாம்பு, பித்தளைக் கைப்பிடி, வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் கழகத்தின் கொள்கை: தயாரான பின் தண்ணீர். உள்ளே கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் வரிசையாக நின்றன. சிறந்த தயாரிப்புக்கான கோப்பை, சிறந்த தோரணைக்கான கோப்பை, தொடர்ந்து பத்தாண்டு வருகைக்கான கோப்பை. நீச்சலுக்கான கோப்பை ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. அது உள்ளறையில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

விண்ணப்பத்தில் 'நீந்த விரும்பும் காரணம்' என்று ஒரு முழுப் பக்கம் விட்டிருந்தார்கள். 'என் மகள் தண்ணீரில் விழுந்தாள், நான் நின்றேன்' என்று எழுதிக் கொடுத்தாள். உணர்ச்சி மிகுதி என்று திரும்பி வந்தது. மாற்றி எழுதினாள். உணர்ச்சிக் குறைவு என்று வந்தது. மூன்றாவது முறை ஓரத்தில் விட்டிருந்த இடம் அரை விரல் அதிகம் என்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் விண்ணப்பத்தைக் கிழித்து அவர்கள் மேசையிலேயே போட்டிருப்பார்கள். அவளுக்கோ மனம் குளிர்ந்துவிட்டது. வேலை தெரிந்த ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களைக் கழகத் தலைவர் நேரில் பார்த்துப் பேசுவது வழக்கம். அறுபது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை உடை, கழுத்தில் வெள்ளி ஊதல். அந்த ஊதலை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை.

"உலகத்துல முழுகிச் செத்தவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு விஷயம் உண்டு. என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்," என்றார்.

"நீச்சல் தெரியாதுங்க சார்," என்றாள் அவள்.

"தப்பு. பாதிப் பேருக்கு நல்லாவே தெரியும். ஆனா எல்லாருமே தண்ணிக்குள்ள இருந்தாங்க." கூட்டம் சிரிக்கட்டும் என்று கொஞ்சம் இடம் விட்டார். "இந்தக் கழகம் ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட முழுகினதில்ல. இந்தச் சாதனை எந்தக் கடற்கரைக்கு இருக்கு? எந்த ஆத்துக்கு இருக்கு?"

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். பிறகு கேட்டாள், "இதுவரைக்கும் எத்தனை பேர் சார் நீந்தியிருக்காங்க?"

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "இந்த மாதிரி அவசரத்தைத்தாம்மா முதல் மூணு மாசத்துல குணப்படுத்துவோம்."

நீச்சல் தொட்டி பின்கட்டில் இருந்தது. நீளமான, ஆழமான, அழகான தொட்டி. நீல ஓடு பதித்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டியின் அடியில் ஒரு தொழிலாளி குந்தி உட்கார்ந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓட்டு இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு தடவை ஓடு மாத்தியாச்சு," என்று விளக்கினார் தலைமைப் பயிற்றுநர். ஒல்லியான ஆள், கையில் எப்போதும் ஒரு கோணமானி. "இப்பவும் தெக்குச் செவத்துல பதினோரு ஓடு நீலம் தூக்கலா நிக்குது. தண்ணி விட்டா கண்ணை உறுத்தும். தண்ணீர்க் குழு பார்த்துக்கிட்டு இருக்கு."

"எப்ப சார் விடுவாங்க?"

"தண்ணி கடைசிக் கட்டம்மா. அது வரைக்கும் அதை நினைக்காம இருக்கிறதுதான் முதல் பாடம்."

வகுப்பு பக்கத்து மண்டபத்தில் நடந்தது. நாற்பது மரப்பலகைகள், நாற்பது பேர் குப்புறப் படுத்துக் காற்றில் கை வீசிக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பயிற்றுநர் பலகை பலகையாகப் போய்க் கோணமானியை முழங்கையில் வைத்து அளந்தார். முதல் நாள் அவளுக்கு மூன்று பாகை கூடுதல் என்றார். மறுநாள் இரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தாள். நாலாம் மாதம் அரை பாகைக்கு வந்தாள். பட்டறையிலிருந்து நேராகக் கழகம், கழகத்திலிருந்து நேராக வீடு. வீட்டிலும் சாப்பாட்டு மேசைமேல் குப்புறப் படுத்துக் கை வீசினாள். சோற்றுப் பாத்திரத்தோடு வந்த கணவர் வைக்க இடம் இல்லாமல் நின்றார்.

"இன்னும் தண்ணியே விடலையா?" என்று கேட்டார்.

"மூச்சுப் பாடம் முடியட்டும்."

மூச்சுப் பாடம் காலி வாளியில் நடந்தது. வாளிக்குள் முகத்தை விட்டு, மூச்சை வெளியே விட்டு, தலையைச் சாய்த்து, மூச்சை இழுக்க வேண்டும். வாளி காலிதானே, எப்படி இழுத்தால் என்ன என்று ஒரு புது மாணவன் கேட்டான். அவனை மறுநாளிலிருந்து காணோம். அதற்கடுத்து நீர் நோக்கல் என்று ஒரு பாடம். மேசைமேல் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கண் சிமிட்டாமல் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் மனதில் என்ன தோன்றியது என்று கட்டுரை எழுத வேண்டும். தாகம் எடுத்தது என்று எழுதிய ஒரு அம்மாளுக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை. விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்த ஒரு வங்கி ஊழியரை ஒரு மாதம் இடைநீக்கம் செய்தார்கள். அவருடைய பெயரை அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் 'அவசரக்காரர்' என்று போட்டார்கள்.

உறுப்பினர்களுக்குப் படிநிலை உண்டு. முதலில் காத்திருப்போர். பிறகு மூத்த காத்திருப்போர். அதற்கும் மேலே முதுநிலைத் தயாரிப்பாளர். ஒவ்வொரு படியேற்றத்துக்கும் மேடை, உரை, கைதட்டல். அவள் ஒன்பதாம் மாதத்தில் மூத்த காத்திருப்போர் ஆனாள். கழக வரலாற்றிலேயே இதுதான் வேகமான ஏற்றம் என்று தலைவர் சொன்னபோது அதில் லேசான கண்டிப்பும் இருந்தது. பதினோராம் மாதம் கைவீச்சுக்குத் தங்கப் பதக்கம் வாங்கினாள்.

பதக்கத்தை மகளிடம் காட்டினாள். மகள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் இறங்கலாமாம்மா?"

"இன்னுங்கொஞ்சம்."

பள்ளி விடுமுறை வந்தது. மகளின் தோழிகள் எல்லோரும் தினமும் ஏரிக்குப் போனார்கள். இவளும் கூடப் போனாள். படகுத்துறைப் பலகையில், காய்ந்த பாவாடையோடு, தோழிகளின் செருப்புகளுக்கும் துண்டுகளுக்கும் காவல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதம் என்று சொன்னது பதினோரு மாதமாகிவிட்டது என்பதைப் பிள்ளை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. கேட்பதையே விட்டுவிட்டது. அதைத்தான் கணவரால் தாங்க முடியவில்லை.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நீ அங்க நீச்சலுக்குப் போகல. தண்ணிக்குப் பயந்து ஒளிஞ்சுக்கப் போற. இந்த ஊர்லயே தண்ணி இல்லாத ஒரே இடம் அதுதான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு தொழிலை ஒழுங்காக் கத்துக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸை ஒரு நாளாவது கோட்டுக்குள்ள நிறுத்தியிருக்கீங்களா?"

"கோட்டுக்குள்ள நிறுத்தல. ஆனா நிறுத்தத்துல நிறுத்தியிருக்கேன். சனம் ஏறியிருக்கு, இறங்கியிருக்கு," என்றார் அவர்.

அவர் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கே தெரிந்த விஷயம்தான். கழகத்துக்குக் கிளம்பும்போது இருக்கும் பயம், அந்தப் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டதும் மாயமாகிவிடும். உள்ளே யாரும் அவளைத் தண்ணீரில் தள்ளப் போவதில்லை. அங்கே பயந்தவளுக்குப் பதக்கம் தருகிறார்கள்.

அவளுடைய பலகைக்குப் பக்கத்துப் பலகை ஓய்வுபெற்ற நில அளவையருடையது. கழகத்தில் பதினாலு வருடம். முதுநிலைத் தயாரிப்பாளர்களில் முதல்வர். எப்போதும் சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு. அவருடைய கைவீச்சைப் பார்க்க வெளியூரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள் என்று பேச்சு. ஒரு நாள் இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள், "நீங்க எதுக்கு சார் சேர்ந்தீங்க?"

"என் சம்சாரத்துக்குக் கடல்னா உசிரும்மா. கடல் ஓரத்துல பொறந்து வளர்ந்தவ. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரே ஒரு ஆசைதான். 'ஒரு தடவை என்கூட அலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நீந்தி வாங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. சரி, போனா தப்பில்லாம போகணும்னு இங்க சேர்ந்தேன்."

"போனீங்களா சார்?"

"எங்கம்மா போறது? அப்ப எனக்கு இடது முழங்கை ரெண்டு பாகை விலகும்." தேநீரைக் குடித்து முடித்து, தம்ளரை ஓசையில்லாமல் வைத்தார். "அவ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆனா இப்பப் பாருங்க." இடக்கையை நீட்டி மெதுவாக வீசிக் காட்டினார். "ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

உண்மையிலேயே ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவ்வளவு அழகான கைவீச்சை அவள் பார்த்ததே இல்லை. இடைவேளை முடிந்து மணி அடித்தபோது அவள் மண்டபத்துக்குள் போகவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போலாமா?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "போலாம்," என்றார்.

ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை அவள் திடமாகத்தான் நடந்தாள். இடுப்புக்கு வந்ததும் கணவரின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். குப்புறப் படு என்றார். படுத்து, தங்கப் பதக்கம் வாங்கிய அந்தக் கைவீச்சை அரை பாகை பிசகாமல் வீசினாள். கல்லைப்போல் அடிக்குப் போனாள். கணவர் தூக்கி நிறுத்தினார்.

"கையை மறந்துட்டு காலை உதை!"

"கோணம்..."

"கோணத்தைக் குப்பையில போடு. உதை!"

உதைத்தாள். கழுத்தை விறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளால் தண்ணீரை அறைந்துகொண்டு, நாலு சாண் தூரம் போனாள். கரையிலிருந்த படகுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, ஏரி உங்களை என்ன செஞ்சுது, இப்படிப் போட்டு அடிக்கிறீங்க?" அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். மகள் பலகையில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், செருப்புகளை மறந்து.

மூன்று ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு அவளால் எட்டு வீச்சு போக முடிந்தது. அசிங்கமான எட்டு வீச்சு. ஆனால் எட்டுக்கும் அவள் தண்ணீரின் மேலேதான் இருந்தாள்.

அடுத்த வாரம் கழகத்துக்கு வெள்ளி விழா. மேடையில் கைவீச்சு செய்து காட்ட அவள் முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள். போய், விலகல் கடிதத்தைக் கையோடு கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள். கணவரும் மகளும் கூட வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் முதல் தண்ணீர். விழாவுக்கு வரும் நகரச் சுகாதார அதிகாரி, தண்ணீர் இல்லாத நீச்சல் தொட்டி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தண்ணீர்க் குழு ஆறு முறை கூடி, 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று அனுமதி கொடுத்தது. குழாயைத் திறந்து இரண்டு நாள் ஓடவிட்டு, நீலம் சரியாக வரவில்லை என்று மூன்றாம் நாள் பாதியில் அடைத்தது. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி 'பார்க்க மட்டும்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உறுப்பினர்கள் தூர நின்று, மிருகக்காட்சிசாலையில் புலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் உலாவியபடி பேசினார்.

"பல பேர் கேக்குறாங்க, எப்ப இறங்குவீங்க, எப்ப இறங்குவீங்கன்னு. நான் திருப்பிக் கேக்குறேன், இறங்கினவன் என்ன சாதிச்சான்? நனைஞ்சான்! அவ்வளவுதானே? தலையைத் துவட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். அதோட அவன் கதை முடிஞ்சுபோச்சு. நம்ம உறுப்பினரைப் பாருங்க. பதினாலு வருஷமா ஒரு லட்சியத்தோட வாழுறாரு. நீந்திட்டா அப்புறம் அவருக்கு என்ன இருக்கு?"

நில அளவையர் எழுந்து நின்று தலைவணங்கினார். பலத்த கைதட்டல்.

"நான் உங்க எல்லாரையும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிறேன். ஆசையை நிறைவேத்தி அதைக் கொன்னுடாதீங்க!" என்று சொல்லி, கையை அகல விரித்து, தண்ணீரைச் சுட்டிக்காட்ட ஓரடி பின்னால் வைத்தார். கயிறு காலில் தடுக்கியது. ஒலிபெருக்கியும் தலைவரும் சேர்ந்தே தண்ணீருக்குள் போனார்கள்.

"காப்பாத்துங்க!" என்ற குரல் வந்தது. கைகள் இரண்டும் தண்ணீரை அடித்தன. வழுக்கைத் தலை மேலே வந்தது, உள்ளே போனது, மேலே வந்தது.

கழகத்தின் முந்நூறு உறுப்பினர்களும் எழுந்து நின்றார்கள். அதற்குமேல் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமைப் பயிற்றுநர் பாடநூலைப் புரட்டினார். "மீட்பு ஒன்பதாம் பாடம். நாம இன்னும் ஆறையே முடிக்கலையே," என்றார், வெளுத்துப்போன முகத்தோடு. "மத்தவங்க பதட்டப்படாதீங்க. தெரிஞ்ச வரைக்கும் செய்யுங்க." தெரிந்த வரைக்கும் செய்தார்கள். தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்று கை வீசினார்கள். நில அளவையரின் வீச்சு எப்போதும்போல் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அவள் ஓடினாள். விளிம்பு வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. செருப்போடு, விலகல் கடிதம் வைத்திருந்த தோள்பையோடு, காலை முன்னால் வைத்துக் குதித்தாள்.

பாதம் தரையில் இடித்தது. வலி முழங்கால்வரை ஏறியது. தண்ணீர் அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை.

இரண்டு எட்டு வைத்துத் தலைவரின் காலரைப் பிடித்தாள். அவர் அவளையும் சேர்த்து அடித்தார்.

"எந்திரிச்சு நில்லுங்க சார்," என்றாள்.

"முழுகுறேன்! முழுகுறேன்!"

"முழுக இங்க தண்ணி இல்லைங்க சார். நில்லுங்க."

தலைவர் நின்றார். தண்ணீர் அவருடைய இடுப்புப் பட்டைக்குக் கீழே நின்றது. பார்வையாளர் வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் மட்டும் விரலை வாயில் வைத்து விசிலடித்தார். தலைவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். தன்னைப் பார்த்தார், முந்நூறு பேரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உங்களை யாரு இறங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

விலகல் கடிதத்தை அவள் கொடுக்க முடியவில்லை. அது பைக்குள் கூழாகிவிட்டிருந்தது. கொடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை. மூன்றாம் நாளே விசாரணைக்கு அழைத்தார்கள்.

நீளமான மேசைக்குப் பின்னால் தலைவர் நடுவில், தலைமைப் பயிற்றுநர் ஒரு பக்கம், தண்ணீர்க் குழுவினர் மறுபக்கம். தலைமைப் பயிற்றுநர் குற்றப் பத்திரிகையைப் படித்தார்: மேற்படி உறுப்பினர் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றித் தண்ணீரில் இறங்கியது, இறங்குகையில் பாடத்திட்டத்தில் எங்கும் காணப்படாத வகையில் கால்களை முன்வைத்தது, தெறித்த நீரால் தெற்குச் சுவர் ஓடுகளில் கறை உண்டாக்கியது, பொதுமக்கள் முன்னிலையில் தலைவரை எழுந்து நிற்குமாறு கூறி, தொட்டியின் ஆழம் குறித்துக் கழகத்துக்கு அவப்பெயர் தேடித் தந்தது.

"ஒரு மனுசன் காப்பாத்துங்கன்னு கத்துறப்ப நான் என்ன சார் செஞ்சிருக்கணும்?" என்று கேட்டாள்.

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "அது நான் முழுகினது இல்லம்மா. முழுகுறது எப்படி இருக்கும்னு உறுப்பினர்களுக்குச் செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தேன். நல்ல பாடம். நடுவுல வந்து கெடுத்துட்டீங்க."

"அப்ப நான் வராம இருந்திருந்தா?"

"பாடம் முழுசா முடிஞ்சிருக்கும்," என்றார் தலைமைப் பயிற்றுநர்.

தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் கோணமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தீர்ப்பைத் தலைவரே சொன்னார். பதக்கம் பறிமுதல். அவள் மறுபடி காத்திருப்போர் வரிசையில் கடைசியிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன், 'நான் ஏன் அவசரப்பட்டேன்' என்று இருநூறு சொற்களில் எழுதித் தர வேண்டும்.

"இருநூறு எதுக்குங்க சார்? இப்பவே சொல்றேன். ஏற்கெனவே பதினோரு மாசம் லேட்டு," என்று சொல்லிவிட்டு, பதக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த ஆண்டறிக்கையில் 'வெள்ளி விழா நாளிலும் ஒருவரும் மூழ்கவில்லை என்ற சாதனை காக்கப்பட்டது' என்று அச்சிட்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஏரிக்குப் போனார்கள். மகள் வழக்கம்போல் பலகையில் உட்காரப் போனாள்.

"நீ இறங்கலையா?" என்று கேட்டாள் அவள்.

மகள் நம்பாமல் பார்த்தாள். "நீ நல்லா கத்துக்கிட்டியாம்மா?"

"இல்ல. இறங்கு."

பிள்ளைக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய்க் குதித்தது. தலை உள்ளே போனபோது தாயின் நெஞ்சு நின்றது. ஆனாலும் கால் நிற்கவில்லை. அவளும் பின்னாலேயே இறங்கி, தண்ணீரை அறைந்துகொண்டு, எட்டு வீச்சு, ஒன்பது வீச்சு, பிள்ளை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இருவரும் சேர்ந்து முழுகப் பார்த்தார்கள். கணவர் வந்து இருவரையும் திட்டித் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தார். மத்தியானம்வரை அப்படியே போனது.

பத்து நாள் கழித்து நில அளவையர் பட்டறைக்கு வந்தார். பல் செட் ஆடுகிறது என்றார். அவள் வாங்கிப் பார்த்தாள். ஆடவில்லை. கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அவர் போகாமல் நின்றார்.

"என்ன சார்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி மூக்குல ஏறுச்சாம்மா?"

"ஏறாம இருக்குமா சார்? முதல் நாளே ஏறுச்சு."

"ஏறினா... என்ன ஆகும்?"

"எரியும். ரெண்டு தும்மல் வரும். போயிடும்."

"ரெண்டே தும்மலா?"

"ரெண்டேதான்."

அவர் அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை எங்ககூட ஏரிக்கு வாங்க சார். எங்க வீட்டுக்காரர் பிடிச்சுக்குவாரு. ஒண்ணும் ஆகாது," என்றாள். அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. வருவார் என்றே அவள் நம்பினாள். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

கணவரின் பேருந்து கழகத்து வழியாகத்தான் போகிறது. வாசல் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு அவர்தான் வந்து சொன்னார். கழகத்தில் புதிதாக ஒரு பாடம் தொடங்கியிருக்கிறார்கள். பாடத்தின் பெயர் தும்மல். முதல் தும்மலுக்கு ஆறு மாதம், இரண்டாம் தும்மலுக்கு ஆறு மாதம். பயிற்றுநர், ஓய்வுபெற்ற நில அளவையர். சேர்க்கைக்கு நின்ற வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிப் போயிருந்ததாம். வண்டியை நிறுத்த இடமில்லாமல் அவர் அடுத்த நிறுத்தத்தில் போய்த்தான் நிறுத்தினாராம்.